கால்வாய்க்கரையில் உரிமைச் செய்தி, பெரும்பாக்கத்தில் குற்றச் செய்தி: சென்னைக் குடியிருப்பு வெளியேற்றங்கள் குறித்த நிகழ்வு ஆய்வு

2022 மே 8, ஞாயிற்றுக்கிழமை. ராஜா அண்ணாமலைபுரத்தில் பக்கிங்ஹாம் கால்வாய்க் கரையோரம் உள்ள கோவிந்தசாமி நகரில் வீடுகளை இடிக்கும் பணி நடந்துகொண்டிருந்தபோது, அங்கே நெடுங்காலம் வாழ்ந்த ஒருவர் எதிர்ப்புத் தெரிவித்துத் தீக்குளித்தார்; மறுநாள் உயிரிழந்தார். உச்ச நீதிமன்ற உத்தரவின் பேரில் 259 வீடுகளை அகற்றும் அந்த நடவடிக்கை ஏப்ரல் கடைசியிலேயே தொடங்கிவிட்டது. சட்டமன்றக் கூட்டத்தொடர் நடந்துகொண்டிருந்த நேரம் என்பதால் திங்கட்கிழமையே பிரச்சினை அவைக்கு வந்தது. முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் இறந்தவரின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் அறிவித்ததோடு, வெளியேற்றப்படுவோருக்கு மந்தைவெளி, மயிலாப்பூர் பகுதிகளிலேயே வீடு ஒதுக்கப்படும் என்றும் உறுதியளித்தார். இடிப்பு நிறுத்தப்பட்டது. தொலைக்காட்சி விவாதம், கட்சித் தலைவர்களின் அறிக்கை, தில்லி ஏடுகளின் செய்தி என்று சில நாட்களுக்குக் கோவிந்தசாமி நகர் நாடறிந்த பெயராக இருந்தது.

சென்னைக்கு இத்தகைய வெளியேற்றம் புதிதல்ல. 2015 டிசம்பர் வெள்ளம் வடிந்த கையோடு சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் உள்ளிட்ட அடையாற்றங்கரைப் பகுதிகளிலிருந்தும், அதைத் தொடர்ந்து கூவம் கரையிலிருந்தும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் நகருக்கு வெளியே தெற்கில் உள்ள மீள்குடியேற்றப் பகுதியான பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டன. பிள்ளைகளின் கல்வியாண்டு முடியும்வரைகூடப் பல இடங்களில் காத்திருக்கவில்லை. எண்ணிக்கையில் கோவிந்தசாமி நகரைப் போலப் பல மடங்கு பெரிய வெளியேற்றம் அது. செய்தி வரவே இல்லை என்று சொல்வது நியாயமாகாது. சில ஆங்கில ஏடுகளும் வீட்டுரிமை அமைப்புகளும் தொடர்ந்து எழுதின, பேசின. ஆனால் பெரும்பாலான செய்திகளில் அது நீர்வழிச் சீரமைப்புப் பணியின் முன்னேற்றமாகவே இடம்பெற்றது. இத்தனை வீடுகள் அகற்றப்பட்டன, இத்தனை மீட்டர் கரை மீட்கப்பட்டது என்ற கணக்கில் அந்தக் குடும்பங்கள் ஓர் எண்ணாக நின்றன.

உரிமை ஒன்றே. பாதிக்கப்பட்டோரும் ஏறத்தாழ ஒரே வகையினர். செய்தி மட்டும் ஏன் இப்படி வேறுபடுகிறது என்பதே இந்த ஆய்வின் கேள்வி. இது செய்திகளை எண்ணி மதிப்பெண் இட்ட ஆய்வு அன்று. பொதுவெளியில் பதிவான நிகழ்வுகளை அருகருகே வைத்துப் பார்க்கும் முயற்சி. இதிலிருந்து எனக்குக் கிடைக்கும் முடிவை முன்னதாகவே சொல்லிவிடுகிறேன்: எவ்வளவு பெரிய உரிமை மீறப்பட்டது என்பதைவிட, எந்த இடத்தில், யாருடைய கண்ணெதிரே, எந்தப் பிரிவுச் செய்தியாளரின் எல்லைக்குள் அது மீறப்பட்டது என்பதே செய்தியின் அளவையும் சாய்வையும் முடிவு செய்கிறது. அதே குடும்பம் 25 கிலோமீட்டர் தள்ளிக் குடியேறியதும் அதைப் பற்றிய செய்தியின் வகையே மாறிவிடுகிறது.

ஊரின் தன்மைக்கும் ஊடகத்துக்கும் உள்ள உறவை ஆராயும் மரபு அமெரிக்காவில் வலுவாக வேரூன்றியது. மின்னசோட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டிச்செனர், டோனஹியூ, ஓலியன் ஆகிய மூவரும் 1970-களில் நடத்திய ஆய்வுகளில், ஒரே வகை மக்கள் வாழும் சிற்றூர்களின் ஏடுகள் உள்ளூர்ச் சச்சரவைத் தவிர்க்கப் பார்ப்பதையும், பல தரப்பினர் போட்டியிடும் பெரிய நகரங்களின் ஏடுகள் சச்சரவை வழக்கமான செய்தியாகவே எழுதுவதையும் காட்டினார்கள். ஏடு காவல் நாய் என்பதைவிட, ஊரில் அதிகாரம் எங்கே குவிந்திருக்கிறதோ அதன் பங்காளி என்பது அவர்கள் கண்டது. நியூஜெர்சிக் கல்லூரியின் ஜான் பொல்லாக் இதை மேலும் விரித்து, நகரங்களின் வருமானம், கல்வி, வறுமை, இனப்பிரிவு, கட்சிச் சாய்வு போன்ற மக்கள்தொகைக் கூறுகளை அந்தந்த நகரத்து ஏடுகளின் மனித உரிமைச் செய்திகளோடு பொருத்திப் பார்த்தார். ஒரு செய்தி எந்தப் பக்கத்தில் வந்தது, தலைப்பு எவ்வளவு பெரியது, கட்டுரை எவ்வளவு நீளம், படம் உண்டா என்பவற்றுக்கு 3 முதல் 16 வரை மதிப்பெண் இட்டு, அது ஆதரவா எதிர்ப்பா நடுநிலையா என்பதையும் சேர்த்து ஒரே அளவுகோலாக்குவது அவருடைய முறை.

அந்த அணுகுமுறை முன்வைக்கும் கருதுகோள்களில் மூன்று இங்கே தேவைப்படும். வசதியும் கல்வியும் தரும் பாதுகாப்பில் வாழ்வோர் மிகுந்த நகரங்களின் ஏடுகள் உரிமைக் கோரிக்கைகளைப் பரிவோடு எழுதும் என்பது ஒன்று. அந்தப் பாதுகாப்பையே ஒரு பிரச்சினை அசைத்துவிட்டால் பரிவு விலகிவிடும் என்பது இரண்டாவது. வறியோர் மிகுந்த நகரங்களின் ஏடுகள் வறியோரின் நலனை எதிரொலிக்கும் என்பது மூன்றாவது.

மூன்றாவதைச் சென்னைக்குப் பொருத்திப் பார்த்தால் உடனே இடிக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மாநகராட்சி எல்லைக்குள் குடிசைப் பகுதிகளில் வாழ்ந்தோர் 13 லட்சத்துக்கும் மேல். நகர மக்களில் கால்வாசியைத் தாண்டும் தொகை அது. வறுமையின் அளவு செய்தியைத் தீர்மானிக்குமானால் வீட்டுரிமை இந்நகரத்து ஏடுகளில் அன்றாடச் செய்தியாக இருந்திருக்க வேண்டும். அமெரிக்க ஆய்வுகள் நகரத்தை அலகாகக் கொண்டு, ஒரு நகரத்தை இன்னொன்றோடு ஒப்பிடுகின்றன. சென்னையில் வேறுபாடு நகரத்துக்குள்ளேயே, வட்டத்துக்கு வட்டம், கிடக்கிறது.

இரண்டாவது கருதுகோளோ 2015-க்கு அப்படியே பொருந்துகிறது. அந்த டிசம்பரில் அடையாறு பெருக்கெடுத்தபோது குடிசைகளோடு நிற்கவில்லை. கோட்டூர்புரத்து அடுக்குமாடிகளின் தரைத்தளமும், மணப்பாக்கத்து வில்லாக்களும், முடிச்சூர்த் தனிவீடுகளும் மூழ்கின. ஏடு வாங்கும் வாசகரின் வீட்டுக் கூடத்துக்குள் ஆறு நுழைந்தது. செம்பரம்பாக்கம் ஏரி நீர் திறக்கப்பட்ட விதம் பற்றிய கேள்விகள் ஒருபுறம் இருக்க, கரையோர வீடுகள்தான் வெள்ளத்துக்குக் காரணம் என்ற எண்ணம் நடுத்தர வர்க்கத்தில் எளிதாகப் பரவியது. நீர்ப்பிடிப்புப் பகுதிகளில் எழுந்த பெரிய கட்டடங்களும் சதுப்புநிலத்தை நிரப்பி வந்த வளாகங்களும் அதே கரையோரக் குடிசைகளைவிட அதிகமான நீரின் பாதையை மறித்திருந்தன என்று எழுதியவர்கள் உண்டு. ஆனால் இடிக்கும் இயந்திரம் முதலில் எங்கே போனது என்பது தெரிந்ததே. அச்சத்திலிருந்த வாசகருக்காக எழுதும் ஏடு, வெளியேற்றத்தை அவருடைய பாதுகாப்புக்கான நடவடிக்கையாகவே எழுதியது. எழுதிய செய்தியாளர்கள் இரக்கமற்றவர்கள் என்று இதற்குப் பொருள் கொள்ளத் தேவையில்லை. செய்தியின் கேள்வி, அடுத்த மழைக்குள் கரை காலியாகுமா என்பதாக இருந்தது. கரையில் இருந்தவர் எங்கே போவார் என்பது அதன் துணைக்கேள்வி.

கோவிந்தசாமி நகர் ஏன் விலகி நின்றது

ஓர் உயிர் போனதால்தான் அது செய்தியானது என்று எளிதாகச் சொல்லிவிடலாம். உண்மைதான், ஆனால் முழு உண்மை இல்லை. உயிரிழப்பு எங்கே நிகழ்ந்தது, எப்போது நிகழ்ந்தது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

முதலில் இடம். ராஜா அண்ணாமலைபுரம் அமைச்சர்கள் குடியிருக்கும் கிரீன்வேஸ் சாலைக்குப் பக்கம். சன் தொலைக்காட்சிக் குழுமத்தின் தலைமை அலுவலகம் உள்ள எம்.ஆர்.சி. நகர் நடந்துபோகும் தொலைவு. கேமராவோடு போய், பேட்டி எடுத்து, மதியச் செய்திக்குள் காட்சியை அனுப்பிவிடலாம். செய்தி அறையில் வேலை செய்தவர்களுக்கு இதன் எடை புரியும்: போய்வர அரைநாள் ஆகும் இடத்துக்கு ஆள் அனுப்புவதென்றால் அதற்கு முன்கூட்டியே ஒரு காரணம் வேண்டும்; பக்கத்துத் தெருவுக்குக் காரணமே வேண்டியதில்லை.

அடுத்து, வாக்கு. மயிலாப்பூர்த் தொகுதியில் 259 குடும்பங்கள் கண்ணுக்குத் தெரியும். பெரும்பாக்கமும், அதைப் போன்ற பழைய மீள்குடியேற்றப் பகுதியான கண்ணகி நகரும் அடங்கிய சோழிங்கநல்லூர், 2021 தேர்தலில் ஏழு லட்சத்தை நெருங்கிய வாக்காளர்களோடு மாநிலத்திலேயே பெரிய தொகுதியாக இருந்தது. மயிலாப்பூரின் வாக்காளர் தொகை அதில் பாதிக்கும் குறைவு. ஒரு சட்டமன்ற உறுப்பினரின் காதுக்கு எட்டுவதற்கு இந்த விகிதம் போதும். போதாக்குறைக்கு, மீள்குடியேற்றத்துக்கான வரைவுக் கொள்கையை அரசு 2021-ல்தான் வெளியிட்டிருந்தது. அறிவித்த கொள்கைக்கும் நடந்த செயலுக்கும் இடையே உள்ள முரணைச் சுட்டுவது எதிர்க்கட்சிக்கும் தோழமைக் கட்சிக்கும் எளிதாக இருந்தது.

நெடுங்காலம் ஒரே இடத்தில் வாழ்ந்தவர்களின் ஒற்றுமையும் இதில் சேரும். தெருவுக்குத் தெரு பெரியவர்கள், மகளிர் குழு, கட்சிக் கிளை, கோயில் விழாக் குழு என்று அமைப்புகள் இருக்கும் இடத்தில், செய்தியாளர் வந்து இறங்கியதும் பேசுவதற்கு ஆள் இருக்கிறது. பட்டா மனு, குடும்ப அட்டை, மின்கட்டண ரசீது என்று ஆண்டுக்கணக்கான காகிதங்களை எடுத்துக் காட்டவும் ஆள் இருக்கிறது. மின்னசோட்டா ஆய்வாளர்கள் சொன்னது இங்கே பொருந்துகிறது: அமைப்பாகத் திரண்டிருக்கும் தரப்புதான் செய்தியாகிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் 2022-ன் செய்திகள் கைக்கெட்டியதை எடுக்காமல் விட்டன என்பேன். கட்டாய வெளியேற்றம் தொடர்பாக 2007-ல் ஐ.நா. அவையின் சிறப்பு அறிக்கையாளர் முன்வைத்த அடிப்படை நெறிகள், இரவிலும் மோசமான வானிலையிலும் மட்டுமல்லாமல், பள்ளித் தேர்வு நடக்கும்போதும் அதற்குச் சற்று முன்பும் வெளியேற்றம் கூடாது என்கின்றன. பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு 2022 மே 5 அன்றும், பத்தாம் வகுப்புத் தேர்வு மே 6 அன்றும் தொடங்கின. இடிப்பு நடந்த அதே வாரம். தேர்வு எழுதும் பிள்ளைகள் புத்தகத்தோடு தெருவில் நிற்கிறார்கள் என்று செய்திகள் உருக்கமாகச் சொன்னபோது, அது மனத்தை நெகிழ வைக்கும் காட்சியாக மட்டுமே நின்றது. ஒரு நெறி மீறப்பட்டதன் சான்றாக அது வைக்கப்பட்டது அரிது. உள்நாட்டுச் சட்டத்திலும் முன்னுதாரணம் இல்லாமல் இல்லை. பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில், வாழ்வாதாரம் வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த 1985-ஆம் ஆண்டிலேயே, சென்னைக் குடிசைவாசிகளுக்காக வழக்கறிஞர் கே.சந்துரு, பின்னாளில் உயர் நீதிமன்ற நீதிபதியானவர், தொடுத்த வழக்கும் அதே நீதிமன்றத்தில் முடிவுக்கு வந்தது. சென்னையின் பெயரிலேயே இருக்கும் அந்த வழக்கு வெளியேற்றச் செய்திகளில் தலைகாட்டுவதில்லை. நீதிமன்றச் செய்தியாளரும் மாநகராட்சிச் செய்தியாளரும் வேறுவேறு ஆட்கள் என்பது இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

இடையில் ஒன்றைச் சொல்லிவிட்டு மேலே போகலாம். 2021 ஆகஸ்டில் புளியந்தோப்பு கே.பி.பூங்கா குடிசை மாற்று வாரியக் குடியிருப்பில் கையால் தட்டினாலே சுவர்ப் பூச்சு உதிர்ந்த காட்சி எல்லாத் தொலைக்காட்சிகளிலும் வந்தது. அது வடசென்னை, நான் மேலே சொன்ன இட வாதத்துக்கு எதிரான சான்று போலத் தோன்றும். ஆனால் அந்தக் கட்டடம் முந்தைய ஆட்சியில் கட்டப்பட்டது. புதிய ஆட்சி அமைந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை. ஆளும் தரப்புக்கும் அந்தச் செய்தி பயன்பட்டது. அதே ஆண்டு டிசம்பர் 27 அன்று திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் 24 வீடுகள் கொண்ட பழைய வாரியக் கட்டடம் ஒன்று முழுதாகச் சரிந்தது. விரிசலைக் கண்டு மக்கள் முன்கூட்டியே வெளியேறியதால் உயிர்கள் தப்பின. ஓரிரு நாளில் அந்தச் செய்தி ஓய்ந்தது. பழைய கட்டடத்துக்கு இரு தரப்பும் பொறுப்பு என்பதால் யாருக்கும் அதில் ஆதாயம் இல்லை.

பெரும்பாக்கத்தில் என்ன நடக்கிறது

வெளியேற்றத்தைச் செய்தியாக எழுதுபவர்கள் லாரியில் சாமான் ஏறும்வரை எழுதுகிறார்கள். லாரி போய்ச் சேரும் இடம் யாருடைய எல்லை?

பெரும்பாக்கம், கோவிந்தசாமி நகர் வெளியேற்றம் நடந்த 2022-ல், பெருநகர சென்னை மாநகராட்சிக்குள் இல்லை. அது செங்கல்பட்டு மாவட்டத்தில் பரங்கிமலை ஒன்றியத்தைச் சேர்ந்த ஓர் ஊராட்சி. எட்டு மாடி அடுக்குகளில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வாழும் பகுதி, ஆட்சிமுறைக் கணக்கில் ஒரு கிராமம். வீட்டின் உரிமையாளரான நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம், அதாவது 1970-ல் தொடங்கி 2021 வரை குடிசை மாற்று வாரியம் என்று பெயர் கொண்டிருந்த அமைப்பு, சேப்பாக்கத்தில் காமராஜர் சாலையில் இருக்கிறது. மாவட்ட ஆட்சியர் செங்கல்பட்டில். காவல் எல்லையோ, 2022 தொடக்கத்திலிருந்து தாம்பரம் ஆணையரகம். மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகைக்கு நாள்தோறும் போய்வரும் செய்தியாளருக்குப் பெரும்பாக்கத்தில் எந்த அலுவலும் இல்லை. அங்கே மாமன்ற உறுப்பினரே கிடையாது. மாவட்டச் செய்தியாளருக்கு மதுராந்தகம், செய்யூர் என்று வேறு உலகம். மின்தூக்கி பழுதாகி எட்டாவது மாடி முதியவர் கீழே இறங்க முடியாமல் கிடக்கிறார் என்றால், அதை எழுத வேண்டியவர் யார் என்று எந்த நாளிதழின் வேலைப் பங்கீட்டிலும் தெளிவாக இராது.

குற்றப்பிரிவுச் செய்தியாளருக்கு மட்டும் இந்தச் சிக்கல் இல்லை. காவல் நிலையம் இருக்கிறது. வாட்ஸ்அப் குழுவில் நாள்தோறும் செய்திக்குறிப்பு வந்துவிடுகிறது. அந்தக் குறிப்பின் அமைப்பைக் கவனித்துப் படித்திருப்பவர்கள் அறிவார்கள். கைதானவரின் பெயர், வயது, அப்பா பெயர், பிறகு முகவரி, கைப்பற்றிய பொருள், முந்தைய வழக்குகள், தனிப்படைக்குப் பாராட்டு. சம்பவம் வேளச்சேரியில் நடந்திருந்தாலும் முகவரி கண்ணகி நகர் என்றால் அந்த முகவரி தலைப்புக்கு ஏறிவிடும். வேளச்சேரி உள்ளே இரண்டாம் வரியில் நிற்கும். அண்ணா நகர்க்காரர் ஒருவர் பெரும் பணமோசடியில் சிக்கினால் அவருடைய தெருவை யாரும் தலைப்பில் வைப்பதில்லை. மாலைக்குள் பக்கத்தை முடிக்க வேண்டிய உதவி ஆசிரியர் இதை வன்மத்தோடு செய்வதாக நான் நினைக்கவில்லை. வாசகருக்குச் சட்டென்று அடையாளம் தெரியும் பெயரை அவர் தேடுகிறார்; ஆண்டுக்கணக்கில் இதே வகைச் செய்திகளே வந்ததால் அந்தப் பெயர் அப்படி அடையாளமாகிவிட்டது. இதன் விலையைக் கொடுப்பவர்கள் வேலைக்கு விண்ணப்பிக்கும் இளைஞர்கள். கண்ணகி நகர் என்று எழுதினால் நேர்காணலுக்கே அழைக்க மாட்டார்கள் என்று, அந்த வட்டாரத்தின் பெயரான ஒக்கியம் துரைப்பாக்கம் என்று மட்டும் எழுதி நிறுத்திக்கொள்ளும் வழக்கம் அங்கே நெடுநாளாக உண்டு.

முந்தைய இடத்தில் பேச ஆள் இருந்தது என்றேன். இடம் மாறும்போது முதலில் உடைவது அதுதான். வீடு குலுக்கலில் ஒதுக்கப்படுகிறது. ஒரே சந்தில் வாழ்ந்தவர்கள் ஒருவர் ஒரு பிளாக்கில் ஆறாவது மாடியிலும், மற்றவர் நாலு பிளாக் தள்ளித் தரைத்தளத்திலும் போய்ச் சேர்கிறார்கள். நகருக்குள் வீட்டு வேலை செய்த பெண்கள் பலர் விடியலுக்கு முன் பேருந்து பிடிக்கிறார்கள் அல்லது வேலையை விடுகிறார்கள். மாலை நேரக் கூட்டம் கூட்டி மனு எழுதுவதற்கு நேரமும் இல்லை, பழகிய முகமும் இல்லை. மயிலாப்பூர், அடையாறு, அண்ணா நகர் போன்ற பகுதிகளுக்குச் சுற்றுவட்டாரக் கடைகளின் விளம்பரத்தில் நடக்கும் வாரப் பத்திரிகைகள் இருக்கின்றன. 1994-ல் தொடங்கிய மயிலாப்பூர் டைம்ஸ் அவற்றில் பலரும் அறிந்தது. தெருவிளக்கு எரியவில்லை என்றாலும் அங்கே எழுத ஓர் இடம் உண்டு. வாங்கும் சக்தி உள்ள இடத்தில்தான் அப்படிப்பட்ட ஏடு பிழைக்கும் என்பதால், அது ஏன் வாரியக் குடியிருப்புகளில் இல்லை என்பதற்கு நீண்ட விளக்கம் தேவையில்லை.

இந்த வாதத்துக்கு 2025 ஆகஸ்ட் ஒரு நல்ல சோதனை. ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணி தனியாருக்கு விடப்பட்டதை எதிர்த்துப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை எதிரே 13 நாட்கள் போராடினார்கள்; உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு 13-ஆம் தேதி நள்ளிரவில் காவல்துறை அவர்களை அப்புறப்படுத்தியது. சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு அருகில், மாநகராட்சியின் வாசலில், மாநகராட்சிச் செய்தியாளர்களின் கண்முன்னே நடந்த போராட்டம் அது. நாள் தவறாமல் செய்தி வந்தது. அடுத்த பத்து நாட்களில் கண்ணகி நகரில், தேங்கிய மழைநீரில் பாய்ந்திருந்த மின்சாரம் தாக்கித் தூய்மைப் பணியாளர் ஒருவர் இறந்தார். இந்த முறை செய்தி உரிமைச் செய்தியாகவே வந்தது: மின்வாரியத்தின் அலட்சியம், ஒப்பந்த நிறுவனத்தின் பொறுப்பு, இழப்பீடு என்று கேள்விகள் சரியான திசையில் போயின. இறந்தவர் அந்த நகரின் குடிமகள் என்பது காரணமா, அப்போது நாடே பேசிக்கொண்டிருந்த தூய்மைப் பணியாளர் என்பது காரணமா? இரண்டாவதுதான் என்று நான் கருதுகிறேன். திறந்துகிடக்கும் மின்பெட்டி அங்கே அதற்கு முன்பும் இருந்தது.

அதே ஆண்டு அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய மகளிர் கபடி அணியில் கண்ணகி நகர் வீராங்கனை ஒருவர் இருந்தார். கண்ணகி நகர் என்ற பெயர் முதல் பக்கத்தில் நல்ல காரணத்துக்காக வந்தது. ஒளிவண்ணச் சுவரோவியங்களுக்காக 2020-ல் சில வாரங்கள் வந்ததை விட்டால் அது அரிதான ஒன்று. செய்தியாளர்கள் நேரில் போனார்கள். போனதால், விளையாட்டுத் திடலின் நிலையும், முகவரி காரணமாக வேலை மறுக்கப்படும் கதையும் துணைச் செய்திகளாக வெளிவந்தன. 2000-ஆம் ஆண்டில் குடியேற்றம் தொடங்கிய நகர் அது. அந்தப் பெண்ணின் வயதினருக்கு வெளியேற்றம் பெற்றோரின் நினைவு மட்டுமே, கண்ணகி நகர்தான் சொந்த ஊர். அவர்கள் குடும்பங்களின் இன்றைய உரிமைக் கேள்விகளில் முக்கியமானது வீட்டின் விற்பனைப் பத்திரம்: மாதத் தவணை கட்டிக் கால் நூற்றாண்டு நெருங்கியும் பத்திரம் கைக்கு வராதவர்கள் அங்கே உண்டு. பத்திரம் வழங்கும் விழா நடக்கும் நாளில் அமைச்சரின் படத்தோடு செய்தி வருகிறது. கோப்பு காமராஜர் சாலையில் கிடக்கும் மற்ற நாட்களில், அந்தக் கோப்பைப் போய்ப் பார்ப்பது எந்தப் பிரிவுச் செய்தியாளரின் வேலையாகவும் இதுவரை வகுக்கப்படவில்லை.